முதுமையில் முள்சீத்தா: எவருக்கு, எதற்கு, எவ்வளவு?

கீழ்க்கட்டளைப் பேருந்து நிலையம் தொடங்கிக் கோவிலம்பாக்கம் வரையில் மேடவாக்கம் சாலையோரம் நிற்கும் பழவண்டிகளில், கொய்யாவுக்கும் பப்பாளிக்கும் நடுவே, பச்சைத் தோலில் மென்முட்கள் படர்ந்த பெரிய கனியொன்றை அண்மை ஆண்டுகளில் காண முடிகிறது. முள்சீத்தா என்பது அதன் பெயர். மற்ற பழங்களை விற்கும்போது இனிப்பையும் கனிவையும் எடுத்துச் சொல்லும் வியாபாரி, இந்தப் பழத்தை விற்கும்போது மட்டும் நோய்களின் பெயரைச் சொல்லுகிறார். சர்க்கரைக்கு நல்லது, மூட்டுவலிக்கு நல்லது, கட்டி கரையும், புற்றுநோயே வராது என்று பட்டியல் நீள்கிறது. விலையும் அதற்கேற்ப, கொய்யாவைப் போல் பல மடங்கு.

எங்கள் மருத்துவமனைக்கு வருவோரில் பெரும்பகுதியினர் சுற்றுவட்டாரத்து மூத்த குடிமக்கள். மூவரசம்பட்டு, மடிப்பாக்கம், நன்மங்கலம் எனப் பல இடங்களிலிருந்தும் வருகிறார்கள். பலருடைய பிள்ளைகள் வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கிறார்கள். தந்தைக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்று துடிக்கும் மகன், தொலைவிலிருந்து அனுப்பக் கூடியவை இரண்டே. ஒன்று பணம், மற்றொன்று வாட்ஸ்அப் செய்தி. "அப்பா, இந்தப் பழத்தைத் தினமும் சாப்பிடுங்கள்" என்று அவன் அனுப்பும் செய்திக்குப் பின்னால் இருப்பது அன்பே என்பதை அறிவோம். ஆகவேதான் வெளிநோயாளர் பிரிவில் இப்பழத்தைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒற்றைச் சொல்லில் விடையளிக்க எங்களுக்கு மனம் வருவதில்லை.

எங்கள் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். முள்சீத்தாவைக் கனியாக, எப்போதேனும் ஒருமுறை, ஒரு துண்டு உண்பதில் உடல்நலமுள்ள முதியவர் அஞ்ச வேண்டியது ஒன்றுமில்லை. அதையே மருந்தாகக் கருதி நாள்தோறும் உண்பதும், சாறாகவும் பொடியாகவும் குளிகையாகவும் உட்கொள்வதும், அதை நம்பி மருத்துவத்தைத் தள்ளிப்போடுவதும் தவறு. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும்.

முதலில் கனியைப் பற்றிச் சில சொற்கள். சீத்தா, ராம்சீத்தா என்னும் பெயர்களைக் கேட்டால் இவை இராமாயண காலத்திலிருந்தே நம் மண்ணில் இருந்தவை போலத் தோன்றும். உண்மையில் இந்தக் குடும்பத்துக் கனிகளின் தாயகம் வெப்பமண்டல அமெரிக்கா. ஐரோப்பியக் கப்பல்கள் வழியாகவே இவை ஆசியாவுக்கு வந்தன. மலாய் மொழியில் முள்சீத்தாவை 'டச்சுக்காரர் துரியான்' என்னும் பொருள்படும் பெயரால் அழைப்பது அந்த வரலாற்றின் எச்சம். கேரளத்து வீட்டுத் தோட்டங்களில் இது 'முள்ளாத்த' என்று வழங்கும். குற்றாலத்துக்குச் சென்று வந்தவர்கள் அருவிக் கரைக் கடைகளில் மங்குஸ்தானுக்கும் ரம்புட்டானுக்கும் பக்கத்தில் இதைக் கண்டிருப்பார்கள். நம் முன்னோர் வழிவழியாக உண்டு நலம் கண்ட மருந்து என்று இதைப் பற்றி எவரேனும் கூறினால், அந்தக் கூற்றுக்கு வரலாற்றில் இடமில்லை.

உண்பதற்கு நல்ல கனிதான். நூறு கிராம் சதைப்பற்றில் ஏறத்தாழ 66 கலோரி ஆற்றல், 17 கிராம் மாவுச்சத்து, 3 கிராமுக்குச் சற்று மேல் நார்ச்சத்து, 20 மில்லிகிராம் வைட்டமின் சி, 280 மில்லிகிராம் அளவில் பொட்டாசியம் ஆகியவை உள்ளன. பல் இழந்த முதியவர்களுக்கு ஆப்பிளைக் கடிப்பது வேதனை. இதன் சதையோ நாக்கிலேயே கரையும். புளிப்பும் இனிப்பும் கலந்த அதன் மணம், நோயால் வாய் கசந்தவருக்கும் உண்ணும் விருப்பைத் தூண்டக் கூடியது. இவை யாவும் உண்மை. ஆனால் வைட்டமின் சிக்காக இதைத் தேடிச் செல்ல வேண்டியதில்லை. அதே வண்டியில், அதே தட்டில் இருக்கும் கொய்யாவில் நூறு கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கிறது, பத்து மடங்கு. விலையோ பல மடங்கு குறைவு.

ஒன்று மட்டும் கவனத்துக்குரியது. ஒரு முள்சீத்தாப் பழம் ஒரு கிலோவுக்கும் மேல் எடை கொண்டதாக இருக்கலாம். பழுத்துவிட்டால் ஓரிரு நாளுக்குள் உண்டாக வேண்டும். இல்லையேல் கருத்து அழுகும். விலை கொடுத்து வாங்கியதை வீணாக்க மனமின்றி, வீட்டிலிருக்கும் இரு முதியவர்களே அதை முடிக்கிறார்கள்; எஞ்சியதைப் பாலும் சர்க்கரையும் சேர்த்து அரைத்துக் குடிக்கிறார்கள். நூறு கிராமுக்கு 13 கிராம் அளவில் சர்க்கரை உள்ள கனி இது. நீரிழிவுக்கு நல்லது என்று நம்பி அரைக் கிலோ உண்டவர், பதினைந்து தேக்கரண்டிக்கும் மேற்பட்ட சர்க்கரையை உண்டிருக்கிறார்.

இனி அந்தச் செய்திக்கு வருவோம். "கீமோதெரபியை விடப் பத்தாயிரம் மடங்கு ஆற்றல் வாய்ந்தது" என்னும் வரி இல்லாத முள்சீத்தாச் செய்தியை நாங்கள் கண்டதில்லை. இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? வெறும் கற்பனை அன்று, அதுதான் சிக்கல். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முள்சீத்தா விதைகளிலிருந்து சில வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்து 1996இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றுள் ஒன்று, ஆய்வுக்கூடக் கிண்ணத்தில் வளர்க்கப்பட்ட ஒரு வகைப் பெருங்குடல் புற்றணுக்கள் மீது, அட்ரியாமைசின் என்னும் மருந்தைக் காட்டிலும் பத்தாயிரம் மடங்கு ஆற்றலுடன் செயற்பட்டது. விதையிலிருந்து பிரித்த ஒரு பொருள், கண்ணாடிக் கிண்ணம், ஒரே வகை உயிரணு. பழத்தை மனிதர் எவரும் உண்ணவில்லை. நோயாளி எவரும் குணமாகவும் இல்லை. செய்தியை எழுதியவர் கிண்ணத்தை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டார். அன்று முதல் இன்று வரை, முள்சீத்தா மனிதரின் புற்றுநோயைக் குணப்படுத்துகிறது என்று நம்பத்தகுந்த மருத்துவ ஆய்வு எதுவும் நிறுவவில்லை.

தாவரத்தில் மருந்தில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. சென்னையில் எத்தனையோ வீட்டு வாசல்களில் பூத்துக் குலுங்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்னும் புற்றுநோய் மருந்துகள் கிடைத்தன. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோயில் எத்தனையோ உயிர்களைக் காத்தது வின்கிரிஸ்டின். நம் தென்மாவட்டங்களில் அச்செடி மருந்துக்காகவே பயிரிடப்படுகிறது. ஆயினும் நித்தியகல்யாணியை எவரும் பறித்து உண்பதில்லை. அதன் பொருளைப் பிரித்து, அளந்து, நரம்புகளுக்கு அது செய்யும் தீங்கையும் கணக்கிட்டு, நோயாளியின் எடைக்கேற்ப நாளும் அளவும் குறித்துச் செலுத்துகிறார்கள். உயிரணுவைக் கொல்லும் ஆற்றல் ஒரு பொருளுக்கு இருக்குமானால், அது எந்த உயிரணுவைக் கொல்லும், எதை விட்டுவைக்கும் என்னும் கேள்வியும் கூடவே எழும். முள்சீத்தாவில் அந்தக் கேள்விதான் எங்களைக் கவலையுறச் செய்கிறது.

கரீபியக் கடலில் குவாதலூப் என்னும் பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. பிரிட்டிஷார் ஆண்ட அண்டைத் தீவுகளைப் போலவே அங்கும் 19ஆம் நூற்றாண்டில் இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டார்கள். அவர்களுள் தமிழர்கள் பலர். அந்தத் தீவில் முள்சீத்தா அன்றாட உணவு. அதன் இலைக் கஷாயம் உறக்கத்துக்கான கைமருந்து. அங்கே பணியாற்றிய நரம்பியல் மருத்துவர்கள் விந்தையான ஒன்றைக் கவனித்தார்கள். நடுக்குவாத நோய் போன்ற அறிகுறிகளுடன் வந்த 87 பேரை ஆராய்ந்ததில், ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினருக்கு மட்டுமே வழக்கமான பார்க்கின்சன் நோய் இருந்தது. ஐரோப்பாவில் நிலைமை நேர்மாறு; அங்கே பெரும்பாலோருக்கு இருப்பது வழக்கமான வகைதான். குவாதலூப் நோயாளிகளில் மற்றவர்களுக்கு இருந்தவை, நடக்கும்போது திடீரென விழுதல், கண்களைக் கீழே தாழ்த்த இயலாமை, நினைவும் சிந்தனையும் மந்தமாதல் ஆகியவற்றுடன் கூடிய, வழக்கமான மருந்துக்கு இணங்காத வகைகள். அவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் முள்சீத்தாவையும் அதன் இனக் கனிகளையும் கஷாயங்களையும் மிகுதியாக உட்கொண்டவர்கள் என்பதும் தெரியவந்தது. 1999இல் 'லான்செட்' மருத்துவ இதழ் இதை வெளியிட்டது.

பின்னர் நிகழ்ந்த ஆய்வுகள் அன்னோனாசின் என்னும் பொருளைச் சுட்டின. நம் உயிரணுக்களில் பெரும்பாலானவற்றில் உணவை ஆற்றலாக்கும் மைட்டோகாண்டிரியா என்னும் சிறு உலைகள் உள்ளன. அன்னோனாசின் அந்த உலையை அணைக்கிறது. கிண்ணத்தில் புற்றணு மாண்டதற்கும் காரணம் இவ்வகைப் பொருள்களின் இந்த இயல்பே. மூளையின் நரம்பணுக்களோ ஆற்றலை மிகுதியாக வேண்டுபவை. உலை அணைந்தால் முதலில் வாடுபவை அவையே. ஆக, செய்தி எந்த ஆற்றலைப் பெருமையாகப் பேசுகிறதோ, மருத்துவர்கள் அஞ்சுவதும் அதே ஆற்றலைத்தான். முள்சீத்தா மருந்தைப் போல் வலியது என்றால் மருந்துக்குரிய தீங்கும் அதற்கு உண்டு. பழத்தைப் போல் தீங்கற்றது என்றால் மருந்தாகும் வலிமை அதற்கு இல்லை. இரண்டு புகழையும் ஒருசேர அதற்குச் சூட்ட முடியாது.

அளவையும் சொல்ல வேண்டும். 2005இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்று, சராசரிப் பழம் ஒன்றில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் அன்னோனாசினும், டப்பாவில் அடைத்து விற்கும் சாறு ஒன்றில் 36 மில்லிகிராமும், இலைக் கஷாயம் ஒரு கோப்பையில் 0.14 மில்லிகிராமும் இருப்பதாக அளந்து கூறியது. இலையை விடப் பழத்திலும் சாற்றிலுமே மிகுதி என்பது பலர் எதிர்பாராதது. நாள்தோறும் ஒரு பழம் அல்லது ஒரு டப்பாச் சாறு வீதம் ஓராண்டு உட்கொள்பவருக்குச் சேரும் அளவு, எலிகளின் மூளையில் சேதம் உண்டாக்கிய அளவுக்கு இணையாகும் என்றும் அவர்கள் கணக்கிட்டார்கள்.

நேர்மையாக மறுபக்கத்தையும் கூறுவோம். எலிகளுக்கு அது இரத்தத்தில் நேரடியாகச் செலுத்தப்பட்டது. உண்ணும் மனிதரின் குடல் எவ்வளவை உள்ளே விடும் என்பது வேறு கணக்கு. பிரான்சின் உணவுப் பாதுகாப்பு முகமை 2010இல் இந்தச் சான்றுகளைப் பரிசீலித்து, தீவில் கண்ட நோய்க்கு முள்சீத்தாதான் காரணம் என்று உறுதிசெய்ய அவை போதா என்றது. குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்பது சரி. ஆயினும் நீதிமன்றத்தில் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு. மருத்துவத்திலோ அது நோயாளிக்குச் சேர வேண்டும். எழுபது வயதில் மூளையின் நரம்பணுக்கள் இளமையில் இருந்த எண்ணிக்கையில் இல்லை. ஒருமுறை கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வீட்டின் வாழ்க்கையே மாறிவிடுகிறது. பார்க்கின்சன் நோய் உள்ளவர்களும், கைநடுக்கம், நடைத் தள்ளாட்டம், அடிக்கடி விழுதல் ஆகியவை தொடங்கியவர்களும் முள்சீத்தாவை எந்த வடிவிலும் தவிர்க்க வேண்டும் என்பதே எங்கள் பரிந்துரை.

எங்களுக்கு உண்மையான வருத்தம் தருவது மற்றொன்று. மார்பில் கட்டி தென்பட்டும், மலத்தில் குருதி கண்டும், "மூன்று மாதம் இதைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வருகிறோம்" என்று எழுந்து போகும் குடும்பங்கள். அவர்களுடைய அச்சம் நமக்குப் புரியாததன்று. அறுவைச் சிகிச்சையைப் பற்றியும், முடி உதிர்வதைப் பற்றியும், செலவைப் பற்றியும் எண்ணி நடுங்கும் ஒருவருக்கு, வலியில்லாத வழியாக ஒரு பழத்தைக் காட்டினால் அவர் அதன் பக்கம் சாய்வது இயல்பே. ஆனால் பழம் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கும் மூன்று மாதமும் கட்டி காத்திருப்பதில்லை. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், வேறிடம் பரவாத, குணப்படுத்தக் கூடிய நிலையில் இருந்த புற்றுநோய்க்கு முறையான மருத்துவத்தை விடுத்து மாற்றுவழிகளை மட்டும் நாடிய 281 பேரை, மருத்துவம் பெற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மாற்றுவழியினர் இறக்கும் வாய்ப்பு இரண்டரை மடங்காக இருந்தது. அந்த ஆய்வு முள்சீத்தாவைப் பற்றியதன்று. எனினும் தாமதத்தின் விலையை அது காட்டுகிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கப்பட்டது 1954இல். புற்றுநோயையும் நீரிழிவையும் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதைத் தடைசெய்யும் மருந்துகள் மற்றும் மாய மருந்துகள் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டதும் அதே ஆண்டில்தான். மருத்துவமனை கீழ்க்கட்டளையிலிருந்து ஒரு பேருந்துப் பயணத் தொலைவில் இருக்கிறது. செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. சட்டமும் இன்றளவும் நடப்பில் இருக்கிறது. இவ்வளவும் இருக்க, பெயர் தெரியாத ஒருவர் அனுப்பிய செய்தியை நம்பி ஒரு தாயின் மருத்துவம் தள்ளிப்போவதை ஏற்க எங்களால் இயலவில்லை.

சிறுநீரக நோயாளிகளுக்குத் தனியே ஒரு சொல். முள்சீத்தாவின் பொட்டாசியம் வாழைப்பழத்தைவிடக் குறைவே. ஆனால் பழம் பெரிது, உண்ணும் அளவும் பெரிது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள் உணவியல் வல்லுநரைக் கேளாமல் உண்ணலாகாது. இதை விடக் கடுமையாக எச்சரிக்க வேண்டிய கனி நட்சத்திரப் பழம் என்னும் ஸ்டார் ஃப்ரூட். சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு அது நிற்காத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு ஆகியவற்றை உண்டாக்கி உயிரையே பறித்திருக்கிறது. அதன் உறவான பிலிம்பியைப் பற்றியும் கேரளத்திலிருந்து 2013இல் ஓர் ஆய்வு வெளியானது. கொலஸ்ட்ரால் குறையும் என்று நம்பி அதன் சாற்றை அருந்திய பத்துப் பேருக்குச் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்தது. எழுவருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன்குழம்பில் புளிக்குப் பதிலாக இரண்டு காய் போடுவது கேரளத்துப் பழைய வழக்கம். அதனால் தீங்கு வந்ததில்லை. செறிந்த சாறாக, மருந்து என்று குடித்தபோதுதான் வந்தது.

இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் மாத்திரை உட்கொள்பவர்கள் முள்சீத்தா இலைப் பொடியையும் குளிகையையும் தவிர்க்கவும். விலங்காய்வுகளில் அது அழுத்தத்தையும் சர்க்கரையையும் குறைத்திருக்கிறது. "அப்படியானால் நல்லதுதானே" என்று கேட்கலாம். மாத்திரையும் குறைத்து, பொடியும் குறைத்தால், விடியற்காலையில் கழிவறைக்கு எழும் முதியவர் மயங்கி விழுவார். பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பதை விற்பவரும் அறியார்.

பிறகு எந்தப் பழத்தைத்தான் உண்பது என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நாவற்பழம் ஆடி ஆவணியில் வரும், அப்போது உண்ணுங்கள். நெல்லிக்காயைத் துருவித் தயிரில் கலந்து பச்சடியாக்கினால் பல்லில்லாதவருக்கும் எளிது. கொய்யாவை விதை நீக்கி மசிக்கலாம். பப்பாளி ஆண்டு முழுதும் கிடைக்கிறது. ஒரே பழத்தை நாள் தவறாமல் உண்பதை விட, வாரத்தில் நான்கைந்து வகையைச் சிறிது சிறிதாக உண்பது மேல். ஒன்றில் உள்ள குறையை மற்றொன்று ஈடுசெய்யும், ஒன்றில் உள்ள தீங்கும் சேர்ந்து பெருகாது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள்: செய்தி அனுப்புவதற்கு முன் அப்பாவின் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் எத்தனை மாத்திரை உட்கொள்கிறார் என்பதை அறிந்தபின் உங்கள் விரல் தானே தயங்கும்.

முள்சீத்தா வாங்கியே தீருவதானால், இரண்டு மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு பழம் வாங்குங்கள். அழுத்தினால் மெத்தென்று குழையும் பழமே உண்ணத் தக்கது. ஒருவருக்கு ஒரு கிண்ணத்துக்கு மேல் வேண்டாம். சர்க்கரை சேர்க்க வேண்டாம். விதைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும், மிக்சியில் விதையோடு அரைக்கலாகாது. சீத்தா விதையைப் பேனுக்கு அரைத்துத் தலையில் தேய்க்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது கண்ணில் பட்டுக் கருவிழி புண்ணாகி வருவோர் உண்டு. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்க வரும்போது, வீட்டில் உட்கொள்ளும் பொடி, கஷாயம், குளிகை, சாறு எதுவாயினும் அதன் டப்பாவையோ உறையையோ பையில் போட்டு எடுத்து வாருங்கள். எவரும் கோபிக்க மாட்டார்கள். மருந்துகளின் பட்டியலுக்குக் கீழே அதையும் ஒரு வரியாக எழுதிக்கொள்வோம்.